தாழ்மையானவரிடமும் கணக்குக் கேட்க வேண்டும்

சபை ஆண்டுவிழா மேடைகளில் ஒரு போதகரைப் புகழ இன்று எந்தச் சொற்கள் புழங்குகின்றன என்று கவனித்திருக்கிறீர்களா? படிப்பைப் பற்றியோ பிரசங்கத்தைப் பற்றியோ அங்கே அதிகம் பேசுவதில்லை. "ஐயா ரொம்ப எளிமையானவர். பந்தியில் நம்மோடு உட்கார்ந்து சாப்பிடுவார். வயசான பாட்டி வந்தாலும் எழுந்து நிற்பார். பெருமைங்கிறதே அவர்கிட்ட கிடையாது." கூட்டம் கைதட்டும். ஐயா தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார். இந்தப் புகழில் பொய் இருக்க வேண்டும் என்பதில்லை. பல இடங்களில் அது அப்பட்டமான உண்மை. என் சண்டை புகழோடு இல்லை. அதன் பின்னாலேயே சொல்லாமல் ஒட்டிக்கொண்டு வரும் முடிவோடுதான்: இவ்வளவு தாழ்மையான மனிதரிடம் போய் யாராவது கேள்வி கேட்பார்களா?

தலைமையில் தாழ்மை என்பது தலைவருடைய உள்ளத்தின் குணம், அது அவரிடம் இருந்துவிட்டால் சபைக்கு வேறு காவல் வேண்டாம் என்று நம்மில் பெரும்பாலோர் நம்புகிறோம். கேள்வி கேட்பவனிடம்தான் தாழ்மை இல்லை, அவனுக்காக ஜெபிக்க வேண்டும் என்பது இந்த நம்பிக்கையின் மறுபக்கம். பெந்தெகொஸ்தே சபையோ, திருமண்டலமோ, கத்தோலிக்கப் பங்கோ, இதில் வேறுபாடு குறைவு. இந்த நம்பிக்கை தவறு என்று மட்டும் சொல்லி நான் நிறுத்தப் போவதில்லை. வேதத்திலும் இதற்கு ஆதாரம் இல்லை. சபை வரலாறும் இதற்கு எதிராகவே சாட்சி சொல்கிறது. கவனிக்கப்பட வேண்டிய பலவீனர்கள் கவனிக்கப்படாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கேள்வி கேட்பவரை அடக்க எடுக்கப்படும் முதல் ஆயுதம் 105-ஆம் சங்கீதம். அபிஷேகம் பெற்றவர்களைத் தொடக்கூடாது என்ற அந்த வசனம் எத்தனை கமிட்டிக் கூட்டங்களில் எத்தனை வாய்களை அடைத்திருக்கிறது! அதற்கு முந்தைய மூன்று வசனங்களை யாரும் வாசிப்பதில்லை. அங்கே பேசப்படுபவர்கள் ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு. கொஞ்சப் பேர். சொந்த நிலம் இல்லாதவர்கள். தேசம் தேசமாக அலைந்தவர்கள். எச்சரிக்கப்படுபவர்கள் ராஜாக்கள். பலமுள்ளவன் கை நாதியற்ற பரதேசியின்மேல் விழக்கூடாது என்பதற்காகச் சொல்லப்பட்டதை, மைக்கும் வங்கிக் கணக்கும் கையில் வைத்திருப்பவரிடம் ஒரு விதவை கணக்குக் கேட்கக்கூடாது என்பதற்காகத் திருப்பிவிட்டோம். இன்னொன்றும் உண்டு. அந்த ஆபிரகாம் தன் மனைவியைச் சகோதரி என்று சொல்லி ஏமாற்றியபோது, அபிமெலேக்கு அவரைக் கூப்பிட்டு நேருக்கு நேர் கேட்கிறான். எங்களுக்கு ஏன் இப்படிச் செய்தாய் என்கிறான். எகிப்தின் பார்வோனும் முன்பே அதையே கேட்டிருந்தான். அபிஷேகம் பெற்றவரைக் கேள்வி கேட்டதற்காக அவர்கள் தண்டிக்கப்பட்டதாக ஆதியாகமத்தில் ஒரு வரியும் இல்லை.

சவுலைக் கொல்லாமல் விட்ட தாவீதையும் இதே காரியத்துக்கு இழுப்பார்கள். குகையில் சால்வையின் ஓரத்தை மட்டும் அறுத்துக்கொண்டு வந்தார் என்பது வரை சொல்வார்கள். குகையைவிட்டு வெளியே வந்து, சவுலின் மூவாயிரம் பேர் நிற்கும்போது, நீர் என்னை அநியாயமாக வேட்டையாடுகிறீர், கர்த்தர் உமக்கும் எனக்கும் நடுவே நியாயந்தீர்க்கட்டும் என்று அவர் உரக்கக் கூவியதைச் சொல்லமாட்டார்கள். கையை ஓங்கவில்லை, உண்மைதான். வாயை மூடிக்கொள்ளவும் இல்லையே. பின்னாளில் தாவீதே அரியணையில் இருந்து தவறியபோது நாத்தான் அரண்மனைக்கே போய் முகத்துக்கு நேரே சொன்னார். பேதுரு அந்தியோகியாவில் புறஜாதியாரோடு பந்தியிருப்பதை விட்டு நழுவியபோது, பவுல் எல்லார் முன்னிலும் கண்டித்தார். கண்டித்ததைக் கடிதத்தில் எழுதியும் வைத்தார். இவர்களில் யாரைப் பெருமைக்காரர் என்று சொல்வோம்?

அடுத்தது யோவான் 13, இயேசு சீஷர்களின் கால் கழுவிய இரவு. ஆண்டுக்கு ஒருமுறை பெரிய வியாழனன்று தேய்த்துத் துடைத்துக் காட்டப்படும் அந்தச் சடங்கை நான் கேலி செய்யவில்லை. போப் பிரான்சிஸ் 2013 மார்ச்சில் ரோமின் காசல் டெல் மார்மோ சிறார் சிறைக்குப் போய், பெண்களும் இஸ்லாமியரும் உள்ளிட்ட 12 இளங்கைதிகளின் கால்களைக் கழுவினார். ஆண்களுக்கு மட்டும் என்றிருந்த விதியை 2016 ஜனவரியில் மாற்றியும் அமைத்தார். நல்ல காரியம்.

ஆனால் அதே பிரான்சிஸ் 2018 ஜனவரியில் சிலிக்குப் போனார். பெர்னாண்டோ கரடிமா என்ற பாதிரியாரின் பாலியல் குற்றங்களுக்காக 2011-இலேயே வத்திக்கான் அவரைக் குற்றவாளி என்று அறிவித்திருந்தது. அந்தக் குற்றங்களை மூடி மறைத்ததாகப் பாதிக்கப்பட்டவர்கள் குற்றஞ்சாட்டிய ஆயர் ஒருவரைப் பற்றிச் செய்தியாளர்கள் கேட்டபோது, ஆதாரம் எங்கே, எல்லாம் அவதூறு என்று போப் சொல்லிவிட்டார். உலகத்திலேயே தாழ்மைக்குப் பெயர்பெற்ற தலைவர் அவர். அந்த வார்த்தை பாதிக்கப்பட்டவர்களின் முகத்தில் அறைந்தது. அவரைத் திருப்பியது எது? அவர்கள் மவுனமாக இருந்து அவருக்காக ஜெபித்துக்கொண்டிருக்கவில்லை. உரக்கப் பேசினார்கள். போஸ்டன் கர்தினால் வெளிப்படையாகவே அந்தப் பேச்சைக் குறைசொன்னார். விசாரணைக்கு அனுப்பப்பட்ட பேராயர் சிக்லுனா 64 பேரின் சாட்சியங்களைத் திரட்டி 2,300 பக்க அறிக்கை கொண்டுவந்தார். அதை வாசித்த பிறகு ஏப்ரலில் போப் தான் பாரதூரமாகத் தவறிவிட்டதாக எழுதினார். பாதிக்கப்பட்டவர்களை ரோமுக்கு அழைத்து மன்னிப்புக் கேட்டார். மே மாதத்தில் சிலியின் ஆயர்கள் கூண்டோடு ராஜினாமாக் கடிதம் கொடுத்தார்கள். பிரான்சிஸின் தாழ்மை போலி என்று நான் வாதிடவில்லை. உண்மையான தாழ்மைகூடத் தனியே விடப்பட்டால் கண் தெரியாமல் நிற்கும் என்கிறேன். சிலியில் அதற்குக் கண் கொடுத்தவர்கள் அவர் அவதூறுக்காரர் என்று சொன்ன அதே ஆட்கள்.

அங்கே திருத்தம் நடந்தது. நடக்காமலே போன கதை ஜான் வனியேயுடையது. நம் நம்பிக்கையின் கழுத்தில் கை வைக்கும் கதை என்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கனடாவின் ஆளுநர் ஜெனரலின் மகன், கடற்படை அதிகாரி, தத்துவம் படித்தவர். எல்லாவற்றையும் விட்டுவிட்டு 1964-இல் பாரிசுக்கு வடக்கே திரோலி என்ற கிராமத்தில், அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ள ஆண்களைக் காப்பகத்திலிருந்து அழைத்துவந்து அவர்களோடு ஒரே வீட்டில் குடியேறினார். அவர்களுக்காக அல்ல, அவர்களோடு. அதிலிருந்து வளர்ந்த ஆர்ஷ் இயக்கம் ஏறத்தாழ நாற்பது நாடுகளுக்குப் பரவியது. நம் பெங்களூரிலும் சென்னையிலும் உள்ள ஆஷா நிகேதன் இல்லங்கள் அதைச் சேர்ந்தவைதான். கால் கழுவும் சடங்கை அந்த இல்லங்களின் மைய வழிபாடாக்கியவர் அவரே. பலவீனமே நம் குரு என்று அவர் பேசிக் கேட்டு, சொந்த வாழ்க்கையை மாற்றிக்கொண்டவர்கள் ஏராளம். 2015-இல் டெம்பிள்டன் பரிசு. இயக்கத்தின் தலைமைப் பதவியையும் அவர் வெகு முன்பே மற்றவர்களிடம் ஒப்படைத்துவிட்டார். தாழ்மைக்கு வேறு என்ன அடையாளம் கேட்பீர்கள்?

2019 மே மாதம் அவர் இறந்தார். 2020 பிப்ரவரியில் ஆர்ஷ் இயக்கமே வெளியிட்ட விசாரணை அறிக்கை, ஆன்மிக ஆலோசனை தேடி வந்த ஆறு பெண்களை அவர் பாலியல்ரீதியாகப் பயன்படுத்திக்கொண்டதைச் சொன்னது. 2023 ஜனவரியில் வந்த விரிவான ஆய்வு குறைந்தது 25 பெண்கள் என்றது. காலம் 1952 முதல் அவர் இறந்த ஆண்டுவரை. அவருடைய ஆன்மிகத் தந்தையான டொமினிக்கன் துறவி தாமஸ் பிலிப்பை இதே குற்றத்துக்காக ரோம் 1956-இலேயே தண்டித்திருந்தது. அதைப் பற்றித் தனக்குத் தெரியாது என்று வனியே சொல்லிவந்ததும் பொய்யாயிற்று.

இதைக் கேட்டதும் நம்மவர்கள் சொல்லும் பதில் ஆயத்தமாக இருக்கும்: "அப்படியானால் அவர் உண்மையில் தாழ்மையானவர் அல்ல, வேஷக்காரர்." இந்தப் பதிலில்தான் ஓட்டை இருக்கிறது. உண்மையான தாழ்மையையும் வேஷத்தையும் பார்த்தே பிரித்தறியலாம் என்றால், அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அவர் அருகிலேயே வாழ்ந்தவர்கள் ஏன் பிரித்தறியவில்லை? அவர்கள் முட்டாள்கள் அல்லர். அவருடைய தாழ்மையே அவருக்குக் கவசமாக இருந்தது. செருக்குள்ள தலைவர்மீது புகார் சொன்னால் யாராவது நம்புவார்கள். குறைபாடுள்ளவரோடு ஒரே மேசையில் உண்டு, அவரைக் குளிப்பாட்டிவிடும் மனிதர்மீது ஒரு பெண் புகார் சொன்னால், கேட்பவர் முதலில் அந்தப் பெண்ணைத்தான் ஏற இறங்கப் பார்ப்பார். பதவியை விட்டபின் இந்தக் கவசம் இன்னும் தடித்தது. அதிகாரம் இல்லாதவர்மீது யார், எந்த மன்றத்தில் புகார் கொடுப்பது? ஆர்ஷ் இயக்கத்தில் நான் மதிப்பது ஒன்றுண்டு. தன் நிறுவனரின் பெயரைக் காப்பாற்றுவதைவிட அந்தப் பெண்களைக் கேட்பது முக்கியம் என்று அது துணிந்தது. வெளியாள்களை அழைத்துத் தன் ஆவணங்களைத் திறந்துகாட்டியது. அதன் வரலாற்றில் உண்மையான கால் கழுவுதல் எது என்று கேட்டால், நான் அந்த 2020 அறிக்கையைச் சொல்வேன்.

தலைவருடைய குணம் முக்கியமல்ல என்று நான் சொல்வதாக யாரும் திரிக்க வேண்டாம். குணம் வேண்டும். ஆனால் குணத்தைச் சபை பார்க்க முடியாது, கணக்கைப் பார்க்கலாம். தாழ்மை என்பதைத் தலைவரின் முகபாவத்திலிருந்து பிரித்து, அவரைக் கேள்வி கேட்கவும் தேவைப்பட்டால் திருத்தவும் கூடிய ஏற்பாட்டில் வைக்க வேண்டும். ஆதிச்சபை அதைத்தான் செய்தது.

அப்போஸ்தலர் நடபடிகள் 6-ஆம் அதிகாரம். எருசலேமில் சபை பெருகுகிறது. அன்றாட உணவுப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசும் யூதர்களின் விதவைகள் விட்டுப்போகிறார்கள். எபிரெய விதவைகளுக்குக் கிடைக்கிறது. முறுமுறுப்பு எழுகிறது. நம் ஊரில் என்ன நடந்திருக்கும்? முறுமுறுப்பு பாவம் என்று ஒரு பிரசங்கம். வனாந்தரத்தில் இஸ்ரவேலர் முறுமுறுத்து அழிந்த கதை. மிரியாமுக்குக் குஷ்டம் வந்த கதை. கடைசியில் புகார் சொன்னவர்களுக்காக ஒரு உபவாச ஜெபம். பன்னிருவர் இவற்றில் ஒன்றையும் செய்யவில்லை. இத்தனைக்கும் இயேசுவோடு நடந்தவர்கள், அவர் கையால் கால் கழுவப்பட்டவர்கள். அவர்களைவிட அபிஷேகம் பெற்றவர்கள் யார்? புகார் உண்மை என்று எடுத்துக்கொண்டார்கள். சபையாரை எல்லாம் கூட்டினார்கள். ஏழு பேரை நீங்களே தெரிந்தெடுங்கள் என்றார்கள். சபை தெரிந்தெடுத்த பெயர்களைப் பாருங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். பெயரை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாதுதான். பன்னிருவரிலேயே அந்திரேயா கிரேக்கப் பெயர்தானே. ஆனாலும் ஏழுக்கு ஏழு என்பதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. கடைசி ஆள் யூதராகப் பிறந்தவர்கூட அல்ல, அந்தியோகியாவிலிருந்து வந்து யூத மார்க்கத்தில் சேர்ந்தவர். யார் விடுபட்டார்களோ அவர்கள் கூட்டத்திடமே பந்தியின் சாவி போய்ச் சேர்ந்தது. அப்போஸ்தலர் அந்த விதவைகளின் வீட்டுக்குப் போய்க் கண்ணீர் விட்டதாக லூக்கா எழுதவில்லை. சாவியை மாற்றியதை எழுதினார்.

(பந்தி விசாரிப்பது அப்போஸ்தலருக்குத் தகாது என்ற வரியை எடுத்துக்கொண்டு, பிரசங்க பீடம் மேல், சாப்பாட்டு வேலை கீழ் என்று பிரிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பந்திக்கு நியமிக்கப்பட்ட ஸ்தேவானின் பிரசங்கம்தான் அந்தப் புத்தகத்திலேயே நீளமானது.)

கவனிப்பு என்பது இங்கேதான் தாழ்மையோடு பிணைகிறது. அன்பு இருந்தால் கவனிப்பு தானாக வரும் என்கிறார்கள். எருசலேமில் அன்பு குறைவாக இருந்ததா? நிலத்தை விற்றுக் கொண்டுவந்து அப்போஸ்தலர் காலடியில் வைத்த சபை அது. அன்பு நிறைந்திருந்த அதே சபையில்தான் விதவைகள் பட்டினி கிடந்தார்கள். பங்கீட்டுப் பட்டியல் எழுதும் கைக்கு அவர்களுடைய பாஷை தெரியாமல் இருந்திருக்கலாம். மேலே இருப்பவர் எவ்வளவு கனிந்தவராக இருந்தாலும், கீழே இருப்பவரின் குறை தானாக அவர் காதை எட்டாது.

நம் வரலாற்றிலும் இதைப் பார்க்கலாம். 1910-இல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு கூடியது. திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா அங்கே எழுந்து பேசினார். மிஷனரிகளின் தியாகத்தை அவர் மறுக்கவில்லை; உடைமையைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள் என்று நன்றியோடு ஏற்றுக்கொண்டார். அதன்பின் எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். அன்றைய மிஷனரிக்கும் இந்திய ஊழியருக்கும் நடுவே இருந்தது எஜமான் வேலைக்காரன் உறவு என்பதை ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிநிதிகள் கூடிய மன்றத்தில் சொல்ல அவருக்கு நெஞ்சுரம் வேண்டியிருந்தது. அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் கொடியவர்கள் அல்லர். காலராவிலும் பஞ்சத்திலும் நம் மக்களைத் தூக்கிச் சுமந்தவர்களும் அவர்களில் உண்டு. கவனிக்க அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கவனிக்கப்படுபவரிடம் பதில் சொல்லத் தெரியவில்லை. இரண்டு ஆண்டு கழித்து அசரியா தோர்ணக்கல் பேராயரானார், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர். அப்போதும் அவர் நியமனத்தை எதிர்த்தவர்கள் இருந்தார்கள்.

மிஷனரியிடம் அசரியா கேட்டதை இன்று நம் சபைகளில் கோயில் பிள்ளையும், வேதாகமப் பெண்மணியும், மாதம் முடிந்தும் சம்பளம் வராத உபதேசியாரும் கேட்கத் தொடங்கினால் என்ன ஆகும்? பொறுமை, தாழ்மை, கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்ற உபதேசம்தான் கிடைக்கும். நம்மிடையே தாழ்மை என்ற சரக்கு எப்போதும் மேலிருந்து கீழ்நோக்கித்தான் அனுப்பப்படுகிறது. அடிபடும் மனைவிக்குத் தாழ்மை. கல்லறைத் தோட்டத்தில் தனி மூலை ஒதுக்கப்பட்ட தலித் கிறிஸ்தவனுக்குத் தாழ்மை. இயேசு தாழ்மையைப் பற்றிப் பேசியது யாரிடம்? தங்களில் யார் பெரியவன் என்று சண்டை போட்ட பன்னிருவரிடம். லூக்கா நற்செய்தியில் அவர் புறஜாதி ராஜாக்களைக் குறித்துச் சொல்லும்போது, மக்களை அடக்கி ஆள்கிறவர்கள் உபகாரி என்ற பட்டம் சூடிக்கொள்வதையும் சேர்த்தே சொல்கிறார். எகிப்தை ஆண்ட மூன்றாம் தாலமிக்கு அந்தப் பட்டமே பெயரோடு ஒட்டியிருந்தது. கொடுக்கிற கையே ஆள்கிற கையாகவும் இருப்பதுதான் அங்கே கண்டிக்கப்படுகிறது.

இனி, என் வாதத்துக்கு எதிரான வலுவான கேள்வியை நானே எழுப்பிவிடுகிறேன். "விதிமுறை, கமிட்டி, தேர்தல், ஆடிட் எல்லாம் எங்களிடம் இல்லையா? 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை பிறந்தபோதே பேராயர்களோடு தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களும் பிறந்தன. அவற்றால் என்ன கண்டோம்? தேர்தலில் பணம், சாதி. அதன்பின் நீதிமன்றப் படிக்கட்டு. இதற்குத் தாழ்மையுள்ள ஒரே மனிதர் மேல் அல்லவா?" இந்தச் சலிப்பு நியாயமானது. ஆனால் இதில் ஒரு தாவல் இருக்கிறது. கமிட்டிகள் கெட்டுப்போனதற்குக் காரணம் அவை கேள்வி கேட்டதா, கேள்வி கேட்காமல் பங்கு கேட்டதா? எருசலேம் சபை வெறுமனே ஒரு குழுவை அமைக்கவில்லை. விடுபட்டவர்கள் தரப்பை உள்ளே வைத்தது. நம் மன்றங்களில் சொத்துள்ளவரும் பள்ளிக்கூடத் தாளாளரும் ஒப்பந்தக்காரரும் இருக்கிறார்கள். அந்த விதவை எங்கே இருக்கிறாள்? ஆறாம் நூற்றாண்டிலேயே பெனடிக்ட் தன் மடங்களுக்கு எழுதிய விதிகளில், முக்கியமான காரியம் என்றால் மடாதிபதி எல்லாரையும் கூட்டி, இளையவன் சொல்வதையும் கேட்க வேண்டும் என்று வைத்தார். அடுக்களை வேலை முறை வைத்து எல்லாருக்கும். வாரக்கடைசியில் அந்த வேலையைக் கைமாற்றும்போது, முடித்தவரும் தொடங்குபவரும் சேர்ந்து மற்றவர்களின் கால்களைக் கழுவ வேண்டும். அங்கே அது ஆண்டுக்கொரு காட்சி அல்ல, சமையல் முறையின் ஒரு பகுதி.

பணத்தைப் பொறுத்தவரை பவுலைவிடக் கறாரானவர் யாரும் இல்லை. எருசலேமின் ஏழைகளுக்காகக் கொரிந்துவில் காணிக்கை திரட்டும்போது, நீங்கள் யாரைத் தகுதியானவர் என்று சொல்கிறீர்களோ அவர்கள் கையில் கொடுத்தனுப்புகிறேன் என்று முதல் கடிதத்தில் எழுதுகிறார். இரண்டாவது கடிதத்தில், சபைகள் தேர்ந்தெடுத்த ஒரு சகோதரரைத் தீத்துவோடு கூட அனுப்புவதாகச் சொல்லிக் காரணமும் தருகிறார்: இவ்வளவு பணத்தைக் கையாளும்போது யாரும் எங்களைக் குறைசொல்ல இடம் இருக்கக்கூடாது, கர்த்தருக்கு முன் மட்டும் அல்ல, மனிதருக்கு முன்னும் ஒழுங்காக இருக்க வேண்டும். "கர்த்தருக்குத் தெரியும்" என்று சொல்லித் தப்பிக்க இவரைவிடத் தகுதியுள்ளவர் யார்? அந்த வாசலை அவரே சாத்திவிட்டார். நம் சபைகளில் காணிக்கைப் பையை ஒருவரே எண்ணி, ஒருவரே எழுதி, அவரே வங்கியில் கட்டும்போது, அதைக் கேட்பவரை விசுவாசம் குறைந்தவர் என்கிறோம். அந்தக் கணக்கில் பவுலுக்கும் விசுவாசம் குறைவுதான்.

சாமுவேலைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். முதிர்ந்த வயதில் கில்காலில் இஸ்ரவேலர் எல்லாரையும் கூட்டிவைத்து, யாருடைய எருதை எடுத்துக்கொண்டேன், யாருடைய கழுதையை எடுத்துக்கொண்டேன், யாரை ஒடுக்கினேன், யாரிடம் பரிதானம் வாங்கினேன், சொல்லுங்கள் என்று கேட்டார். ராஜா பக்கத்தில் நிற்கிறான். மக்கள் ஒன்றும் இல்லை என்றார்கள். சுத்தமான கை. தலைமையில் தாழ்மைக்கு இதைவிட நல்ல காட்சி பழைய ஏற்பாட்டில் இல்லை என்றே எல்லாரும் பிரசங்கிக்கிறார்கள். ஆனால் அதே பேச்சின் தொடக்கத்தில் அவர், என் குமாரர் உங்களோடு இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். யோவேலும் அபியாவும் பெயெர்செபாவில் நியாயாதிபதிகளாக இருந்து லஞ்சம் வாங்கினார்கள், நியாயத்தைப் புரட்டினார்கள். நியமித்தவர் சாமுவேல்தான். அவர்களைப் பற்றி அவர் யாரையும் கேட்கவில்லை. நான்கு அதிகாரங்களுக்கு முன்பே மூப்பர்கள் ராமாவுக்கு நடந்து போய், உம்முடைய குமாரர் உம்முடைய வழியில் நடக்கவில்லை, எங்களுக்கு ஒரு ராஜாவை ஏற்படுத்தும் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார்கள். அன்று அவருக்கு அது பிடிக்கவில்லை. கர்த்தரோ, அவர்கள் சொல்வதைக் கேள் என்றார்.